மெர்தருக்கு மேனேஜராக வருகிற தம்பிக்கு

தம்பி, வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் மேனேஜர் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வாடகை, குளிர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர்களாமே, இந்தியன் ஒருவன் மேலே இருந்தால் மதிப்பார்களா?" என்று ஒரு வரி. வாடகையை நீங்களே தேடிப் பார்த்துக்கொள்வீர்கள். குளிருக்கு நல்ல கோட்டு போதும். மழைக்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது. கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நிறத்தை வைத்துப் பேசுகிறவன் அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் நீங்கள் இந்தியன் என்பது இரண்டாவது பிரச்சினைதான். மேனேஜர் என்பது முதல் பிரச்சினை.

நான் மெர்தரைச் சுற்றியுள்ள பழைய சுரங்கப் பள்ளத்தாக்குகளில் ஒன்றுக்கு கார் உதிரிபாகத் தொழிற்சாலை சூப்பர்வைசராகப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் சில வாரங்கள் கேன்டீனில் நான் உட்கார்ந்தால் மேசையில் பேச்சு நின்றுவிடும். டீயைக் குடித்து முடித்து ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் செய்த வேலை அது. கலர் கலராகத் தாள் ஒட்டிக் கூட்டம் போட்டு எல்லாரிடமும் கருத்துக் கேட்டுவிட்டு, மறுவாரமே ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த ஷிஃப்ட் பட்டியலை ஒட்டினாராம்.

என் லைனில் ஐம்பது தாண்டிய ஒருவர் இருந்தார், பழைய சுரங்கத் தொழிலாளி. நெற்றியிலும் விரல் முட்டிகளிலும் நீலக் கோடுகள். வெட்டுக்காயத்துக்குள் கரித்தூள் போய், அதன் மேலேயே தோல் மூடிய தழும்புகள் அவை. ஒரு நாள் எல்லாரும் இருக்கும்போது கேட்டார்: "இந்த ஓவர்டைம் மாற்றம் யார் முடிவு?" மேலிடத்து உத்தரவு என்று சொல்லி நழுவியிருக்கலாம். "என் முடிவு, காரணம் இது" என்றேன். கால் மணி நேரம் வாதாடினார். கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் மெஷினுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் அவராகவே "ஆல்ரைட், பட்?" என்றார். 'பட்' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் கூட்டாளி. அதற்கப்புறம்தான் கேன்டீனில் பேச்சு நிற்காமல் ஓடியது.

ஏன் இப்படி என்று எனக்குப் புரிய நாளாயிற்று. 1913இல் செங்கெனித் சுரங்க வெடிப்பில் 439 தொழிலாளர்களும் மீட்கப் போன ஒருவரும் செத்தார்கள். மேனேஜருக்கு 24 பவுண்ட் அபராதம், கம்பெனிக்கு 10 பவுண்ட். அவ்வளவுதான். 1966இல் அபெர்ஃபானில் சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள். தேசிய நிலக்கரி வாரியத் தலைவர் லார்ட் ராபென்ஸ், செய்தி தெரிந்த பிறகும் சர்ரே பல்கலைக்கழகத்தில் வேந்தராகப் பதவியேற்று முடித்துவிட்டுத்தான் வந்தார். வாரியத்தின் மேல்தான் குற்றம் என்று விசாரணைக் குழு சொல்லியும் ஒருவர் வேலைகூடப் போகவில்லை. போதாக்குறைக்கு, மிச்சக் கழிவு மலைகளை அகற்ற நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்ட் எடுத்தார்கள். 1997இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் வட்டி இல்லாமல். அபெர்ஃபான் மெர்தரிலிருந்து கூப்பிடு தூரம், தம்பி. அந்த ஊர்க்காரர்களிடம் போய் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று பேசாதீர்கள்.

அதற்காகத் தலைமையே பிடிக்காத கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். தாங்களே பொறுக்கி எடுத்த ஆளுக்குக் கடைசி வரை நிற்பார்கள். அந்தக் காலத்தில் கரியின் எடைக்குத்தான் கூலி. வெட்டிய கரியை முதலாளியின் ஆள் எடை போடும்போது, பக்கத்தில் தங்கள் ஆள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து நிறுத்தி, அவர் சம்பளத்தையும் தாங்களே கொடுத்தவர்கள். யூனியன் தலைவர்கள் கையிலும் அதிகாரம் குவியக் கூடாது என்று 1912இலேயே டோனிபாண்டி என்ற சுரங்க ஊரில் தொழிலாளர்கள் பிரசுரம் போட்டிருக்கிறார்கள். 1994இல் டவர் சுரங்கத்தை மூடியபோது 239 பேர் ஆளுக்கு 8,000 பவுண்ட் போட்டு அதை வாங்கினார்கள். 2008 வரை ஓட்டிக் காட்டினார்கள். நான் அங்கிருந்தபோதே ஒன்று பார்த்தேன். பக்கத்து ப்ளைனாய் க்வென்ட் தொகுதி லேபர் கட்சியின் கோட்டை, 2001இல் 19 ஆயிரத்துக்கு மேல் ஓட்டு வித்தியாசம். 2005 தேர்தலில் வேட்பாளரை மேலேயிருந்து திணித்தார்கள் என்று ஊருக்குக் கோபம். சுயேச்சையாக நின்ற உள்ளூர்க்காரர் பீட்டர் லாவை 9 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். எங்கள் கேன்டீனில் அன்றைக்கு ஒரே திருவிழாதான்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. தங்களில் ஒருவன் மேனேஜர் ஆனால் அவனைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. கூடப் படித்தவன், கூடக் குடித்தவன், இன்றைக்கு நமக்கு உத்தரவு போடுகிறானா என்பார்கள். என்னோடு பதவி உயர்வு வாங்கிய உள்ளூர்ப் பையன் ஒருவன், தாங்க முடியாமல் திரும்ப மெஷினுக்கே போய்விட்டான். வெளியூர்க்காரனுக்கு அந்தப் பாரம் இல்லை. அந்த வகையில் உங்களுக்கு லாபம்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலைநகர் கார்டிஃபில் குடியிருந்துகொண்டு, மணியடித்ததும் காரில் ஏறி, "இவர்கள் சோம்பேறிகள், அரசாங்கப் பணத்தில் வாழ்கிறவர்கள்" என்று விருந்துகளில் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். பத்து வருடம் வேலை பார்த்தும் அந்த ஊரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்க மாட்டார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் முகம் சுளிக்கிறவர்களும் இவர்கள்தான். "சார்" என்று கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்து வராதீர்கள். நான் ரக்பி கிளப்பில் நாற்காலி அடுக்கப் போய், கடைசியில் அதன் கமிட்டியில் உட்கார்ந்தவன். எனக்கு இன்றுவரை ரக்பி விதிகள் முழுசாகத் தெரியாது. அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று, டாடா பற்றிக் கேட்பார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் டால்பட் எஃகு ஆலையின் கடைசி ஊதுலையை அணைத்தது இந்தியக் கம்பெனிதானே, அதனால் பதில் உங்களிடம் இருக்கும் என்று நினைப்பார்கள். அதற்காகக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்கப் போகாதீர்கள். அங்கே வேலை பார்த்த மச்சானோ மருமகனோ கேட்கிறவருக்கு இருக்கலாம்.

வீடு மட்டும் மெர்தரிலேயே பாருங்கள். பள்ளிக்கூடம் கார்டிஃபில்தான் நன்றாக இருக்கும் என்று நாலு பேர் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளத்தாக்கில்தான் படித்தார்கள்.