தேயிலை விதை ஏன் தாய்ச்செடி மாதிரி வருவதில்லை? – கேள்வி பதில்

கோத்தகிரி: நன்றாகத் துளிர்க்கும் ஒரே செடியில் விதை எடுத்தேன் சார். நாற்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஏன்?

தேயிலைக்கு 30 குரோமோசோம். தாய் வழி 15, தந்தை வழி 15, ஜோடி ஜோடியாக. ஒடுக்கற்பிரிவில், அதாவது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவில், மகரந்தத்துக்கோ சூல்முட்டைக்கோ ஜோடிக்கு ஒன்றுதான் போகும். எது போகும் என்பது ஒவ்வொரு ஜோடியிலும் தனித்தனிக் குலுக்கல். 2-ஐ 15 முறை பெருக்குங்கள்: 32,768 விதம். அதற்கும் முன்னாலேயே, ஜோடிகள் நீளவாக்கில் ஒட்டிக் கிடக்கும்போது அங்கங்கே அறுந்து, துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இதுதான் குறுக்கே கலத்தல். ஆகவே கீழே இறங்கும் குரோமோசோமே கொஞ்சம் தாத்தாவுடையது, கொஞ்சம் பாட்டியுடையது. போதாததற்குத் தேயிலை பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்காது. அப்பா பக்கத்துத் தோட்டத்துச் செடியாகவும் இருக்கலாம்!

பிளஸ் டூ மாணவி, ஊட்டி: குறுக்கே கலத்தல் எந்த நிலையில்?

ஒடுக்கற்பிரிவின் முதல் புரோஃபேஸில், பாக்கிட்டீன் என்ற கட்டத்தில். படம் போட்டுப் பழகும்மா.

குன்னூர்: நல்ல செடியின் விதை போட்டால் அதே குணம் வருமா?

கோத்தகிரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். அதே செடி வேண்டுமென்றால் ஓர் இலையோடு கட்டிங் வையுங்கள். அதில் ஒடுக்கற்பிரிவே கிடையாது. ஆனால் சரிவு முழுக்க ஒரே குளோனை, அதாவது ஒரே தாய்ச்செடியின் கட்டிங்குகளை, வைக்காதீர்கள். ஒன்றுக்கு ஆகாத நோய் எல்லாவற்றுக்கும் ஆகாது.

பண்ணைக்காடு: எங்கள் மலைவாழையில் விதையே இல்லையே?

உங்கள் மலைவாழையான விருப்பாச்சிக்குக் குரோமோசோம் 11 வீதம் மூன்று செட், மொத்தம் 33. மூன்று பேர் ஜோடி சேர்ந்தால் பங்கு சரியாக விழாது. முட்டையும் மகரந்தமும் பெரும்பாலும் வீண். காய் மட்டும் மகரந்தம் இல்லாமலே பருக்கும். அதனால் கன்றுதான் கதி. நோயுள்ள தோட்டத்துக் கன்று வாங்கினால் முடிக்கொத்து வைரஸும் கூடவே வரும், ஜாக்கிரதை.

கட்டபெட்டு: கட்டிங் எல்லாம் வீண். விதைச் செடிதான் வறட்சி தாங்கும். எங்கள் தாத்தா வைத்தது இன்றும் நிற்கிறது.

நிற்கட்டும் ஐயா. அது ஆணிவேரின் பலம், கட்டிங்குக்கு அந்த வேர் இல்லை. ஒடுக்கற்பிரிவை இதில் இழுக்காதீர்கள்.

கட்டபெட்டு: விதையில் கலப்பு இருப்பதால்தான் தாங்குகிறது என்கிறேன்.

அதிலும் பாதி நியாயம் உண்டு. கலப்பில் சில செடி தாங்கும், சில செடி காயும். தாத்தா தோட்டத்தில் காய்ந்தவற்றை யாரும் எண்ணி வைக்கவில்லை. தாங்கிய செடியைத் தேர்ந்து கட்டிங் எடுத்தால் அந்தக் குணம் கைவிட்டுப் போகாது. விதை போட்டால் மறுபடி குலுக்கல்.

அரவேணு: நல்ல செடியின் விதை...

மேலே பாருங்கள்.

மசினகுடி: எருமைக்கும் இப்படித்தானா?

பிரிவு அதேதான். எந்தக் கிடாவைச் சேர்ப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.