திருநெல்வேலிப் பக்கம் சிறிய இணையச் சேவை நடத்துகிறோம். சென்னையில் கேரியர் நியூட்ரல் டேட்டா சென்டரில் ரேக் எடுப்பது அவசியமா?

கேள்வியின் விளக்கத்தில் நீங்கள் சொல்லியிருப்பது இது: வள்ளியூர் வட்டாரத்தில் சில ஆயிரம் இணைப்புகள், பேண்ட்விட்த் மொத்தமும் ஒரே நிறுவனத்திடம். அந்த நிறுவனம் தன் சென்னைக் கட்டடத்திலேயே மலிவாக ரேக் (கருவிகளை மாட்டும் அலமாரி) தருகிறது. நண்பர் ஒருவரோ எந்த நிறுவனத்தையும் சாராத நியூட்ரல் இடத்துக்குப் போகச் சொல்கிறார்.

நண்பர் சொல்வதுதான் சரி. ஆனால் முழு ரேக் வேண்டாம், கால் ரேக் போதும். அதைவிடப் பெரிய கவலை நெல்லைக்கும் சென்னைக்கும் நடுவில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். (பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு உங்களைப் போன்ற கேபிள் அண்ணாச்சிகளுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் நான்.)

சில கல்யாண மண்டபங்களில் சமையல், பந்தல், பூ எல்லாம் மண்டபக்காரர் ஆள்தான் செய்ய வேண்டும். வாடகை குறைவாகத் தெரியும், இலைக் கணக்கு வரும்போதுதான் விஷயம் புரியும். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் தன் கட்டடத்தில் தரும் ரேக்கும் அப்படித்தான். நியூட்ரல் இடத்தில் இடம், மின்சாரம், குளிரூட்டல் மட்டும் கட்டடக்காரருடையது. எந்த நிறுவனத்தின் ஃபைபரும் உள்ளே வரலாம். எல்லா ஃபைபரும் வந்து சேரும் மீட் மீ ரூமிலிருந்து உங்கள் ரேக்குக்கு ஒரு கேபிள் இழுத்தால் போதும். கிராஸ் கனெக்ட் என்பது இதுதான். பழைய அப்ஸ்ட்ரீம் (உங்களுக்கு மொத்தமாகப் பேண்ட்விட்த் விற்பவர்) விலையை ஏற்றினால், பெட்டியைக் கழற்றாமலே அடுத்தவரிடம் மாறிவிடலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் நிறுவனத்தின் கட்டடத்திலேயே மாட்டிக்கொண்டு, வெளி ஃபைபரை உள்ளே விட அனுமதி கேட்டு மாதக்கணக்கில் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் உங்களுக்குச் சொந்த ஏஎஸ் எண்ணும் (இணையத்தில் உங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்) ஐபி முகவரிகளும் இல்லையென்றால் இந்தச் சுதந்திரம் வெறும் பேச்சு. அப்ஸ்ட்ரீம் கொடுத்த முகவரியில் ஓடினால், அவரை விட்டு விலகும் நாளில் முகவரி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். முதலில், இந்தியாவில் இவற்றை ஒதுக்கும் ஐஆர்ஐஎன்என்னில் விண்ணப்பம் போடுங்கள். நெட்வொர்க்குகள் தங்கள் முகவரிகளுக்கான வழியை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் பிஜிபியில் பொதுவாக 256 முகவரிகளுக்குக் குறைந்த தொகுதியை வெளியுலகம் ஏற்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

நியூட்ரல் இடத்தின் அடுத்த லாபம் பீயரிங், அதாவது நெட்வொர்க்குகள் எக்ஸ்சேஞ்ச் என்ற பொது இடத்தில் சேர்ந்து தங்களுக்குள் நேரடியாக டிராஃபிக்கை மாற்றிக்கொள்வது. 2003இல் தொடங்கிய நிக்ஸிக்குச் சென்னையிலும் எக்ஸ்சேஞ்ச் உண்டு. டிஈ-சிஐஎக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐஎக்ஸ் ஆகியவையும் அங்கே இருக்கின்றன. உங்கள் வாடிக்கையாளர் இழுப்பதில் பெரும்பங்கு யூடியூபும் இன்ஸ்டாகிராமும்தான். அதை எக்ஸ்சேஞ்ச் வழியாக நேரடியாக எடுத்துக்கொண்டால், அப்ஸ்ட்ரீமுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அளவு நன்றாகக் குறையும். டிராஃபிக் போதுமான அளவு வளர்ந்தால் கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் கேச் பெட்டியை (அதிகம் பார்க்கும் வீடியோக்களை உங்களிடமே சேமித்து வைப்பது) தாங்களே இலவசமாகத் தருவார்கள். இடமும் மின்சாரமும் உங்கள் செலவு.

சரி, நடுவில் இருக்கும் கவலை. மேலப்பாளையத்தில் ஒருவரும் பாளையங்கோட்டையில் ஒருவரும் வேறு வேறு நிறுவன இணைப்பில் வீடியோ காலில் பேசினால், அந்தப் பேச்சு பெரும்பாலும் சென்னை வரை போய்த்தான் திரும்புகிறது. தாமதம் ஒரு பிரச்சினையே இல்லை. ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட் எடுக்கும். 620 கிலோமீட்டர் போய்வர 6 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். கேபிள் சுற்றிப்போவதையும் ரௌட்டர்களையும் சேர்த்தாலும் யாருக்கும் தெரியாது. லைன் அறுந்தால்தான் வினை. 2023 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி ஊருக்குள், பல இடங்களில் செல்போனும் இல்லை.

வெள்ளம் எப்போதோ வருவது. ஜேசிபி தினமும் வரும். இரண்டு நிறுவனத்திடம் லைன் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். கோவில்பட்டி தாண்டி இரண்டும் நான்குவழிச் சாலை ஓரம் ஒரே குழியில் கிடக்கும், ஒரே வெட்டில் இரண்டும் போகும். பில்லில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள், பாதையைக் கேளுங்கள். ரயில்டெல் ஃபைபர் தண்டவாளத்தை ஒட்டிப் போகிறது. பவர்கிரிட் ஃபைபர் உயர் அழுத்தக் கோபுரங்களின் உச்சிக் கம்பிக்குள்ளேயே போகிறது, ஜேசிபிக்கு எட்டாது. சாலை ஓரத்து லைனோடு இவற்றில் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. இரண்டாவது லைன் நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாக மேற்கே போய் வேறு நகரத்தில் இறங்கினால் இன்னும் நல்லது.

அப்புறம் ஒன்று, வாடிக்கையாளர் லாகினைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரைச் சென்னைக்குக் கொண்டுபோகாதீர்கள். லைன் போன நேரத்தில் ஒருமுறை துண்டித்த வாடிக்கையாளர் மறுபடி லாகின் ஆக முடியாது. உங்கள் ஊருக்குள்ளேயே வைத்திருக்கும் கேச்சுகூட அவருக்குக் கிடைக்காது. சென்னையில் ஒரு ரௌட்டர், ஒரு சுவிட்ச், இரண்டுக்கும் இரட்டை பவர் சப்ளை, அவ்வளவுதான். வாடகையை மின்சாரத்தை வைத்துத்தான் பேசுவார்கள், அதனால் ஒப்பந்தத்தில் எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். கிராஸ் கனெக்டுக்கு மாதக் கட்டணமா, ஒருமுறைக் கட்டணமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ரேக் வாடகையை இறக்கிவிட்டு இதில் பிடிப்பவர்கள் உண்டு. டேட்டா சென்டர் ஆளே உங்கள் பெட்டியில் வேலை செய்து தரும் ரிமோட் ஹேண்ட்ஸ் வசதி கட்டாயம் வேண்டும். ஒரு ஆப்டிக்கை (ஃபைபரைச் செருகும் சிறு பாகம்) மாற்றுவதற்காக நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்தால் எழும்பூரில் இறங்கும்போது விடிந்திருக்கும்.

லைன் ஒப்பந்தம் போடும் முன் இரண்டு நிறுவனத்திடமும் பாதை வரைபடத்தைக் கேஎம்இசட் கோப்பாகக் கேளுங்கள். கூகுள் எர்த்தில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.