தை பிறந்ததிலிருந்து மழை இல்லை, பனி மட்டும் கொட்டுகிறது. டெல்டாவில் குளிர்காலம் இனி எப்படிப் போகும்?

கேட்டவர் திருவாரூர் பக்கம் என்று சொல்லியிருக்கிறார். பொங்கலுக்குப் பிறகு ஒரு தூறல்கூட இல்லை, காற்றும் அசையவில்லை, விடியற்காலையில் எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்குப் பனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். சம்பா அறுவடை முடியும்வரை இப்படியே போகுமா, நடுவில் ஏதாவது புகுந்து கெடுக்குமா என்பது அவருடைய கவலை. நான் வானிலைத் துறைக்காரன் இல்லை. மன்னார்குடிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது, கைபேசியில் காற்று வரைபடம் பார்க்கும் பழக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

என் பதில் இது: பனி கொட்டும்வரை தூங்கலாம். பனி சட்டென்று நின்றுபோனால் எழுந்து உட்காருங்கள்.

முதலில், மழை இல்லையே என்று பதற வேண்டாம். தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாக 44 சென்டிமீட்டர் மழை. ஜனவரி, பிப்ரவரி இரண்டும் சேர்த்தே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். மழை மேகங்கள் திரளும் பட்டை இந்த மாதங்களில் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே இறங்கிவிடும். நம் பக்கம் காற்றழுத்தம் கூடி, மேலேயிருந்து காற்று கீழ்நோக்கி அமுங்கும். அப்படி அமுங்கும் காற்றில் மேகம் வளராது. 'தமிழகம், புதுவை மற்றும் காரைக்கால் பகுதிகளில் வறண்ட வானிலை நிலவும், அதிகாலை வேளையில் லேசான பனிமூட்டம் காணப்படும்' என்று சென்னை வானிலை மையம் தினமும் ஒரே வரியைப் போடுகிறது என்றால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். தை மாதத்துக்கு அதுதான் இயல்பு.

இப்போது பனிக்கு வருவோம். இரவில் தரை தன் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி அந்தச் சூட்டில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகம் இல்லையென்றால் எல்லாம் போய்விடும். காற்று வீசினால் மேலே இருக்கும் கொஞ்சம் சூடான காற்று கீழே வந்து கலக்கும். காற்று இல்லையென்றால் தரையை ஒட்டிய அடுக்கு மட்டும் தனியாகக் குளிரும். டெல்டாவில் வயலும் வாய்க்காலும் ஈரமாக இருப்பதால் அந்தக் குளிர்ந்த அடுக்கில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அது இலையில் பனித்துளியாகவும் காற்றில் மூட்டமாகவும் நிற்கிறது. போகியன்று இதே அசையாத காற்றில் புகையும் சேர்ந்துகொள்ளும். 2018 போகியில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது அதனால்தான்.

ஆக, வானம் தெளிவாக இருந்து காற்றும் அடங்கியிருந்தால்தான் இவ்வளவு பனி. கடலில் ஏதாவது கிளம்பினால் முதலில் கெடுவது இந்த இரண்டும்தான். கிழக்குக் காற்று கொஞ்சம் வேகமெடுக்கும், இரவில் குளிர் குறையும், காலையில் புல் காய்ந்து கிடக்கும், தாழ்வான மேகத் துண்டுகள் கிழக்கேயிருந்து மேற்கே ஓட ஆரம்பிக்கும். பெரும்பாலும் மழைக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் இது தெரிந்துவிடும். 'பனி பெய்தால் மழை இல்லை, பழம் இருந்தால் பூ இல்லை' என்று ஊரில் சொல்வதில் பழத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, பனியைப் பற்றிச் சொன்னது சரி.

ஆனால் ஒன்றிரண்டு நாளில் எவ்வளவு நெல்லை அறுத்துவிட முடியும்? அறுவடை இயந்திரம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிற நேரம். அதனால் பனியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது, கடலையும் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடம் இலங்கைக்குத் தென்கிழக்கே, நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதி. விண்டி மாதிரி ஏதாவது ஒரு செயலியில் 850 ஹெக்டோபாஸ்கல் காற்றை எடுத்துப் பாருங்கள். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரக் காற்று அது. கிழக்கேயிருந்து நேர்க்கோடாக வரும் கோடுகள் அங்கே வளைந்தாலோ சுழித்தாலோ, அடுத்த சில நாளில் அறிக்கையில் மழைக்குக் காரணமாக 'கிழக்கு திசை காற்றின் வேக மாறுபாடு' என்ற சொற்களைப் படிக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

2023இல் நடந்தது இதுதான். ஜனவரிக் கடைசியில் வங்கக்கடலின் தென்பகுதியில் உருவான தாழ்வு மண்டலம் பிப்ரவரி 2 அதிகாலையில் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் நடுவே இலங்கைக் கரையைக் கடந்தது. மையம் அங்கே, மழை இங்கே. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் என்று அறுவடைக்கு நின்ற கதிர் எல்லாம் சாய்ந்தது. 2021 ஜனவரியில் வேறு மாதிரி: வடகிழக்குப் பருவமழையே போக மனமில்லாமல் பொங்கலைத் தாண்டி நின்று கொட்டியது. அது விலகிவிட்டது என்ற அறிவிப்பு ஜனவரி 19இல்தான் வந்தது.

அந்த இரண்டும் லா நினா காலம், அதாவது பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்த காலம். அப்படியென்றால் அதே கடல் சூடேறும் எல் நினோ இருந்தால் தை வறண்டுதான் போகும் என்று முடிவு கட்டலாமா? 2024 ஜனவரி எல் நினோ காலம்தான். மாதத்தின் இரண்டாவது வாரத்தில் சீர்காழியிலும் நாகையிலும் பள்ளிக்கு விடுமுறை விடும் அளவுக்கு மழை. இதனால்தான் மூன்று மாத முன்னோட்டங்களைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறேன். கணக்கே இடிக்கிறது. சராசரியே இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்கிற பருவத்தில் 'இயல்பைவிட அதிகம்' என்பது ஒரே ஒரு ராத்திரி மழையாகக்கூட இருக்கலாம். அந்த ராத்திரி எது என்று தெரியாதவரை விவசாயிக்கு அதனால் என்ன பயன்? வானிலைத் துறை வியாழக்கிழமைதோறும் வெளியிடும் நான்கு வார முன்னோட்டத்தில் முதல் இரண்டு வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். விவசாயிகளுக்கான அரசின் மேகதூத் வானிலைச் செயலியில் செவ்வாயும் வெள்ளியும் வரும் மாவட்ட அறிவுரை அதைவிடக் கைக்கு உதவும். பெரிய அமைதி நிலவும்போது ஐந்து நாள் கணிப்பு பெரும்பாலும் பொய்க்காது. வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் எல்லாம் ஒரே குரலில் 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் தைரியமாக நம்பலாம்.

குளிர் எப்போது விடும் என்றும் கேட்டிருந்தீர்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், ஆனால் சமவெளியில் நம் குளிர் அப்படி ஒன்றும் பெரிதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருடத்துக்கு முந்தைய கதை. இதே தெளிந்த வானமும் அசையாத காற்றும் மலையில் செய்யும் வேலை வேறு. ஊட்டியில் தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி மாதிரிப் பள்ளமான இடங்களில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து வந்து தேங்கி உறைபனியாகிறது, தேயிலைக் கொழுந்து கருகுகிறது. நமக்கு சிவராத்திரியோடு பனி விடைபெறும் என்ற பேச்சு ஓரளவு சரி. பிப்ரவரி பாதிக்கு மேல் பகல் வெயில் ஏறிவிடும்.

வயலைப் பற்றி இரண்டு வார்த்தை. பனி இருக்கும்போது அதிகாலையில் இயந்திரத்தை இறக்காதீர்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பனியோடு அறுத்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைக்க ஒரு பகல் வீணாகும். வெயில் ஏறி, கதிர் உலர்ந்த பிறகு ஆரம்பித்தால் போதும். தரையும் இறுகியிருந்தால் டயர் வைத்த அறுவடை வண்டியே இறங்கும், சேற்றில் ஓடும் பெல்ட் வண்டிக்குக் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. குறுவைக்குப் பின் நட்ட தாளடி பின்தங்கி இப்போதுதான் கதிர் வருகிறது என்றால் கவலை வேறு: இலை ராத்திரி முழுக்க நனைந்தே இருப்பது குலைநோய் என்ற பூஞ்சை நோய்க்கு நல்ல வசதி. கதிரின் கழுத்துப் பகுதி கறுக்கிறதா என்று பாருங்கள், சந்தேகம் வந்தால் வேளாண் அலுவலரிடம் காட்டிவிடுங்கள்.

உளுந்துக்கு மட்டும் இந்தப் பனி வரம். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈரம் இருக்கும்போதே நிற்கும் பயிருக்குள் விதைத்துவிடுங்கள். மிச்ச ஈரத்திலும் ராத்திரிப் பனியிலுமே அது வந்துவிடும். ஆடுதுறை 3 இதற்கென்றே உள்ள ரகம். ஜனவரி 28இல் மேட்டூரை மூடிவிடுவார்கள் என்பதால் வாய்க்கால் தண்ணீரைக் கணக்கில் வைக்காதீர்கள். விதைத்த ஒரு வாரத்துக்குள் கனமழை அடித்தால் அழுகிவிடும். நானாக இருந்தால் விதை மூட்டையைப் பிரிப்பதற்கு முன் இலங்கைப் பக்கம் காற்று எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவேன்.