நாகரிகம் வளர்ந்ததால் மதம் வந்ததா, மதம் இருந்ததால் நாகரிகம் வளர்ந்ததா? தேர்வில் எதை எழுதுவது?

கேள்வியைப் பார்த்தாலே நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று தெரிகிறது. பயிற்சி மையத்தில் கொடுத்த நோட்ஸில் ஆறு, விவசாயம், உபரி, நகரம், பூசாரி, மதம் என்று அம்புக்குறி போட்டு வரிசையாக எழுதியிருக்கும். அதை மனப்பாடம் செய்து முடித்த நேரத்தில், கோயில்தான் முதலில் வந்தது, விவசாயமே அதற்கப்புறம்தான் என்று ஏதாவது ஒரு வீடியோவில் யாராவது அடித்துச் சொல்லியிருப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கிடங்குக் கணக்கு எழுதியே தலை நரைத்தவன். மூட்டை வரவு, மூட்டை பற்று, இருப்பு, இதுதான் என் வாழ்க்கை. "கணக்குப்பிள்ளைக்கு சுமேரியாவைப் பற்றி என்ன தெரியும்" என்று கீழே யாராவது கமெண்ட் போடுவார்கள். போடட்டும். எழுத்து எப்படிப் பிறந்தது என்பது கிடங்கில் உட்கார்ந்தவனுக்குத்தான் சட்டென்று புரியும் என்று நான் நம்புகிறேன்.

என் மகளும் உங்களைப் போலத்தான் படிக்கிறாள். மாதிரித் தேர்வில் இதே கேள்வி வந்தது. மெசபடோமியாவில் தானியக் களஞ்சியமும் தெய்வத்தின் வீடும் சேர்ந்தே வளர்ந்தன, எது முதல் என்று பிரிக்க முடியாது என்று எழுதியிருக்கிறாள். பத்துக்கு மூன்று மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில் "வரிசை தவறு" என்று மட்டும் இருந்தது. போய்க் கேட்டால், மாதிரி விடையில் இப்படி இல்லையே என்றார்களாம். வீட்டுக்கு வந்து தாளை என் முன்னால் போட்டு, "நீங்களே சொல்லுங்கப்பா, இது தப்பா?" என்றாள். அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் விடவில்லை. அவள் எழுதியதுதான் சரி. ஏன் என்று சொல்கிறேன்.

மெசபடோமியா என்பது இன்றைய ஈராக் பக்கம், அதன் தெற்குப் பகுதிதான் சுமேரியா. அங்கே எரிது என்று ஒரு ஊர் இருந்தது. அரசாட்சி வானத்திலிருந்து முதலில் அங்கேதான் இறங்கியது என்று சுமேரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1940களின் கடைசியில் ஈராக் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது, ஒரு கோயிலுக்கு அடியில் இன்னொரு கோயில், அதற்கும் அடியில் இன்னொன்று என்று அடுக்கடுக்காகப் போய்க்கொண்டே இருந்தது. ஆக அடியில் கிடைத்தவற்றில் ஒன்று நம் வீட்டுப் பூஜையறையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சின்ன அறை, ஒரு மாடம், படையல் வைக்க ஒரு மேடை, அவ்வளவுதான். காலம் ஏறக்குறைய கி.மு. 5000-ஐ ஒட்டியது. மேலே உள்ள அடுக்கு ஒன்றில் குவியல் குவியலாக மீன் எலும்பு. நன்னீருக்குத் தெய்வமான என்கிக்கு மீன் படைத்திருக்கிறார்கள். அந்தச் சின்ன அறை எழுந்த காலத்தில் நகரமும் இல்லை, எழுத்தும் இல்லை, ராஜாவும் இல்லை. ஆனால் விவசாயம் இருந்தது. ஆகவே நோட்ஸில் கடைசி அம்புக்குறியில் நிற்கும் மதம், நகரத்துக்கு முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. அடுத்த 2000 வருஷமும் அதே இடத்தில், பழைய சுவரை இடித்து நிரவி அதன்மேலேயே பெரிதாகப் பெரிதாகக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

அடுத்தது உருக், அதுவும் சுமேரியாவில் இருந்த ஊர்தான். கி.மு. 3300-லிருந்து 3000-க்குள் அது உலகத்தில் அன்றைக்கு இருந்த ஊர்களிலேயே பெரியது. பல்லாயிரம் பேர் வாழ்ந்தார்கள். ஊர் நடுவில் இனன்னா என்ற பெண் தெய்வத்தின் வளாகம். அங்கிருந்து ஏறக்குறைய 5000 களிமண் ஏடுகளும் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. மனிதன் எழுதியதில் நம் கைக்குக் கிடைத்த மிகப் பழையவற்றில் இவையும் சேர்த்தி. கோயில் வளாகத்தில் கிடைத்தவை என்பதால் அவற்றில் மந்திரமோ, துதியோ, கதையோ இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். ஒன்றுகூடக் கிடையாது. பெரும்பாலானவை கணக்கு. இத்தனை பார்லி வந்தது, இத்தனை ஆடு போனது, இத்தனை பேருக்குப் படி அளந்தது. மீதி, எழுத்துப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல்கள். தெய்வத்தைப் பற்றிய பாட்டும் அறிவுரை நூலும் களிமண்ணில் ஏறியது கி.மு. 2600 வாக்கில்தான். கடவுளின் வீட்டில் கடவுளுக்கு ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், 500 வருஷத்துக்கு மேல் சரக்கைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்து ஏடு ஒன்றின் படத்தை மகள் எனக்குக் காட்டினாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற களிமண் சதுரம். ஒரு பக்கம் பார்லிக் கதிர் மாதிரி ஒரு கீறல், பக்கத்தில் குச்சியின் மழுங்கிய முனையை அழுத்தி எடுத்த குழிகள். பெரிய குழிக்குப் பெரிய மதிப்பு, சின்னக் குழிக்குச் சின்ன மதிப்பு. படித்தவர்கள் சொல்வது: பார்லி 29,086 அளவு, 37 மாதம், குஷிம். குஷிம் என்பது ஆள் பெயரா, பதவிப் பெயரா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் பெயர் என்றால், உலகத்தில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்த முதல் பெயர்களில் ஒன்று, ராஜா பெயரும் இல்லை, பூசாரி பெயரும் இல்லை, தானியத்துக்குப் பொறுப்பாக இருந்தவன் பெயர். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 37 மாதத்து இருப்புக்குப் பொறுப்பேற்று பெயர் போடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 17 சதவீத ஈரப்பதத்தில் வாங்கிய நெல் கிடங்கில் கிடந்து 14 சதவீதத்துக்குக் காய்ந்தால், 100 கிலோ 96½ கிலோவாகிவிடும். யாரும் திருடவில்லை, தண்ணீர் ஆவியாகிப் போகிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் எலி, கிழிந்த சாக்கு, லாரியில் ஏற்றும்போது சிந்துவது. இதெல்லாம் தெரிந்தும் குறைந்த எடையைக் கிடங்கு எழுத்தர் சம்பளத்தில் பிடிப்பார்கள். எனக்கும் பிடித்திருக்கிறார்கள், அதுவும் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில். ஈரப்பதக் கருவி காட்டிய அளவைப் பதிவேட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன், எடுத்துப் பாருங்கள் என்று காட்டினாலும் ஏறெடுத்துப் பார்க்க ஆள் இல்லை. கிடங்கில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இதே கதைதான் சொல்வார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லத்தான் தோன்றியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிடங்கு மட்டும் போதும், கடவுள் எதற்கு? இதற்கு உருக்கிலேயே பதில் இருக்கிறது. அங்கே கிடைத்த, ஒரு மீட்டருக்குச் சற்றே உயரமான கல் குடுவை ஒன்று இப்போது பாக்தாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2003 ஏப்ரலில் அங்கே சூறையாடியபோது பீடத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், ஜூன் மாதம் துண்டுகளாகத் திரும்பி வந்தது. குடுவையைச் சுற்றிப் பட்டை பட்டையாகச் சிற்பம். கீழே தண்ணீர் அலை. அதற்கு மேல் பயிர். அதற்கு மேல் வரிசையாக ஆடுகள். அதற்கு மேல் உடையில்லாத ஆண்கள் கூடையும் சாடியும் நிறையச் சுமந்துகொண்டு போகிறார்கள். உச்சியில் இனன்னா, அல்லது அவளுடைய பூசாரினி, நின்று வாங்கிக்கொள்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் நாணல் கட்டால் ஆன இரண்டு வாசல் கம்பங்கள், அதற்கும் பின்னால் சாடிகள், ஆடுகள், தட்டுகள் என்று வந்த சாமான்களெல்லாம். தண்ணீரில் தொடங்கிக் களஞ்சியத்தில் முடிகிறது படம், நடுவில் தெய்வம் நிற்கிறது. 5000 வருஷத்துக்கு முன்னால் அவர்களே இப்படிச் செதுக்கி வைத்திருக்கும்போது, உபரி தனி, மதம் தனி என்று நாம் எப்படி அம்புக்குறி போடுவது?

தடியைக் காட்டி ஒரு போகம் தானியத்தைப் பிடுங்கலாம். போகத்துக்குப் போகம், தலைமுறை தலைமுறையாக ஒரு குடியானவன் தானே அளந்து கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்றால், இது ஊருக்கே தாயான தெய்வத்தின் வீடு, இங்கே கொடுத்தால் வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று அவன் மனதில் ஊறியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை என்ன மாதிரியானது என்று அவர்களுடைய கதையிலேயே தெரிகிறது. கி.மு. 17-ஆம் நூற்றாண்டில் படியெடுத்த அத்ரஹாசிஸ் கதையில், முதலில் சின்னத் தெய்வங்கள்தான் வாய்க்கால் வெட்டுகின்றன. ஒரு நாள் முடியாது என்று கருவிகளைக் கொளுத்திவிட்டு, ராத்திரியில் தலைமைத் தெய்வமான என்லிலின் வீட்டைச் சூழ்ந்துகொள்கின்றன. அந்தச் சுமையைத் தூக்கத்தான் களிமண்ணையும் கொன்ற ஒரு தெய்வத்தின் இரத்தத்தையும் பிசைந்து மனிதனைப் படைக்கிறார்கள். வாய்க்கால் தூர்ந்தால் ஊரே பட்டினி கிடக்கும் பூமியில், தூர் வாருவதற்கென்றே பிறந்தவன் மனிதன் என்று நம்பியிருக்கிறார்கள்.

நான் கோயிலுக்குப் போகிறவன், பக்தியைக் கொச்சைப்படுத்தி எழுதவில்லை. சாமி கும்பிடுகிறவர்கள் கோபப்பட வேண்டாம், கும்பிடாதவர்கள் இதைத் தூக்கிக்கொண்டு ஆடவும் வேண்டாம். நம்பிக்கை வெறும் வசூல் தந்திரம் இல்லை என்பதற்குத் துருக்கியின் தென்கிழக்கில் இருக்கிற கோபெக்லி தெபே என்ற தொல்லியல் மேடே சாட்சி. கி.மு. 9500 வாக்கில் தொடங்கியது. பயிரிட்ட தானியம் கிடையாது, வளர்த்த ஆடு மாடு கிடையாது. காட்டுத் தானியமும் வேட்டைக் கறியும் தின்றவர்கள், பல டன் எடையுள்ள, ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான கற்களை ஆங்கில டி எழுத்து வடிவில் செதுக்கி, நரி, பாம்பு, தேள், கழுகு எல்லாம் வடித்து வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். 1995-லிருந்து அங்கே தோண்டிய கிளாஸ் ஷ்மிட் அதைக் கோயில் என்றே சொன்னார். நீங்கள் பார்த்த வீடியோ இதை வைத்துத்தான் இருக்கும். ஆனால் பின்னால் அங்கே வீடுகளும் ஏராளமான அரைக்கும் கற்களும் கிடைத்திருக்கின்றன. ஆகவே வெறும் கோயில், யாரும் குடியிருக்கவில்லை என்ற பேச்சு இப்போது எடுபடாது.

இன்னொரு பக்கம் சிந்துவெளி. மொகஞ்சதாரோவில் செங்கல் அளவு கச்சிதம், சாக்கடை கச்சிதம், எடைக்கல் கச்சிதம். ஆனால் இதுதான் கோயில், இதுதான் அரண்மனை என்று கை காட்டுகிற மாதிரி ஒரு கட்டடம் கிடையாது. பெரிய குளம் ஒன்று இருக்கிறது, 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், சடங்குக்கு என்று பலர் நினைக்கிறார்கள். மெசபடோமியாவுக்கு மணியும் மரமும் அனுப்பிய அதே மக்கள், அங்கே இருந்ததைப் பார்த்தும் அதுபோல ஒரு கோயிலைக் கட்டிக்கொள்ளவில்லை. எல்லா ஊருக்கும் ஒரே அம்புக்குறி செல்லாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படித்தவர்கள் பிடித்துக்கொள்வார்கள். சுமேரில் நிலம் முழுக்கக் கோயிலுக்கே சொந்தம் என்று ஆண்டன் டெய்மல் என்ற பாதிரியார் ஒரு காலத்தில் எழுதினார், பல பாடப் புத்தகம் அதையே பிடித்துக்கொண்டது. பிறகு தியாகோனோவ், கெல்ப் போன்ற ஆய்வாளர்கள் நில விற்பனை ஏடுகளைக் காட்டி, குடும்பங்களுக்கும் சொந்த நிலம் இருந்தது என்று நிறுவினார்கள். ஆகவே கோயில்தான் எல்லாம் என்று எழுதிவிடாதீர்கள். கோயிலோடு அரண்மனைக்கு உரசலும் இருந்தது. கி.மு. 2350 வாக்கில் லகாஷ் என்ற சுமேரிய நகரத்தை ஆண்ட உருககினா வெட்டி வைத்த சாசனத்தில், தெய்வத்தின் மாடுகளைக் கொண்டு முன்பு ஆண்டவர்கள் தங்கள் வெங்காயக் கொல்லையை உழுதார்கள் என்று இருக்கிறது. பிணம் புதைக்க முன்பு 7 சாடி பீரும் 420 ரொட்டியும் வாங்கினார்கள், அதை 3 சாடி, 80 ரொட்டி என்று குறைத்தேன் என்றும் இருக்கிறது. சாவு வீட்டில் பேரம் பேச முடியாமல் நின்ற யாருக்கும் இந்த வரியைப் படித்தால் வயிறு எரியும்.

தேர்வுக்கு வருகிறேன். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற ஒரு மதிப்பெண் வினா என்றால் உபரி உற்பத்தியைக் குறித்துவிட்டுப் போங்கள், அதோடு மல்லுக்கட்டி மதிப்பெண்ணை விட வேண்டாம். விரிவான விடை என்றால் எரிதுவின் சின்ன அறை, உருக்கின் கணக்கு ஏடு, கோயில் தென்படாத மொகஞ்சதாரோ, இந்த மூன்றையும் எழுதிவிட்டு கோர்டன் சைல்ட் என்ற தொல்லியல் அறிஞரைக் கொண்டுவாருங்கள். உங்கள் நோட்ஸில் இருக்கிற வரிசை சுற்றிச் சுற்றி அவரிடமிருந்துதான் வருகிறது. ஆனால் 1950-ல் அவர் எழுதிய நகரப் புரட்சிக் கட்டுரையில் நகரத்துக்கு அடையாளமாகச் சொன்ன பத்தில் ஒன்றே, உழவர்கள் தங்கள் சிறு உபரியைத் தெய்வத்துக்கோ தெய்வாம்சம் கொண்ட அரசனுக்கோ வரியாகச் செலுத்துவதுதான். உபரியையும் தெய்வத்தையும் அவரே ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறார். அதை அவர் பெயரோடும் வருஷத்தோடும் எழுதுங்கள், திருத்துகிறவர் "வரிசை தவறு" என்று போடுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது யோசிப்பார்.