ஃபம்பிள் ஆகிற பையனுக்கு டீமில் இடம் உண்டா?

கேள்வி: மகன் டெக்சாஸில் பதினோராம் வகுப்பு. பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவன். நாலு ஆட்டத்தில் மூன்று முறை ஃபம்பிள்: ஓடும்போது பந்தைக் கையிலிருந்து நழுவ விட்டுவிட்டான். கோச் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். ஸ்காலர்ஷிப் ஆசை அவ்வளவுதானா?

பதில்: முதலில் அவனைத் திட்டுவதை நிறுத்துங்கள். கவனக்குறைவு என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு பந்தைப் பிடிக்கும் விதத்தில்தான். தொழில்முறை அணியான நியூயார்க் ஜயன்ட்ஸின் ரன்னிங் பேக் டிக்கி பார்பர் 2003-ல் 9 முறை ஃபம்பிள் செய்தவர். 2004-ல் வந்த பயிற்சியாளர்கள் அவர் பிடியை மாற்றினார்கள். 2005-ல் 1,860 யார்டு ஓடினார், ஃபம்பிள் ஒன்றே ஒன்று. பிடியை மாற்றியபோது அவருக்கு வயது 29. உங்கள் பையனுக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது.

அந்தப் பிடி இதுதான்: பந்தின் முனையை விரல்கள் கவ்வ வேண்டும், மறுமுனை முழங்கை மடிப்புக்குள், பந்து நெஞ்சோடு. மணிக்கட்டு முழங்கையைவிட மேலே. மணிக்கட்டு இறங்கினால் பந்தின் முனை வெளியே தெரியும். பின்னாலிருந்து வருபவன் அதைத்தான் குத்துவான். திசை மாற்றும்போது முழங்கை விலாவை விட்டு விலகுவதும், பக்கக்கோட்டோரம் ஓடும்போது பந்து உள்பக்கக் கையிலேயே இருப்பதும் அடுத்த தப்புகள். ஒருவன் பிடித்த பிறகும் இன்னும் அரை யார்டுக்காகத் திமிறும்போது, இரண்டாவது ஆள் வந்து உருவிக்கொண்டு போவான். அந்த நேரத்தில் இரண்டு கையாலும் பந்தை மூட வேண்டும்.

மூன்று ஃபம்பிளையும் வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்துபவர்) பந்தைக் கையில் கொடுக்கும் ஹேண்டாஃபிலேயே தவறியதா, அடி வாங்கியா? ஹேண்டாஃபில் என்றால், குவார்ட்டர்பேக் பக்கமுள்ள கையின் முழங்கையை உங்கள் பையன் மேலே தூக்கியிருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் பந்து கையில் இடித்துக் கீழே விழும். அதற்குப் பயிற்சியே வேறு. மற்றதற்கு தினமும் பத்து நிமிடம், நனைந்த பந்தோடு ஓடவிட்டு இரண்டு பேர் தட்டிப் பார்க்கட்டும். வீட்டுக்குள்ளும் பந்தோடு திரியலாம், குத்துவிளக்கை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்.

கோச் ஏன் இவ்வளவு கறார்? பாஸ் தவறினால் ஒரு வாய்ப்புதான் போகும். ஃபம்பிளில் பந்தே எதிரணிக்குப் போய்விடலாம். பேட்ரியட்ஸ் என்ற தொழில்முறை அணியில் ஸ்டீவன் ரிட்லி 2012-ல் 1,263 யார்டு ஓடியவர். மறு ஆண்டு அடுத்தடுத்து பந்தை விட்டதும், காயமில்லாமலே ஓர் ஆட்டத்துக்கு வெளியே உட்கார்ந்தார். அதே அணியில் அவருக்கு முன் ஆடிய பென்ஜார்வஸ் கிரீன்-எல்லிஸ், டிராஃப்டில் (கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எவரும் எடுக்காதவர். 2008 முதல் 2011 வரை அங்கே ஒரு ஃபம்பிள்கூட இல்லை. வேகத்தைவிட அதுதான் அவரை அணியில் வைத்திருந்தது.

பெஞ்சில் இருக்கும் வாரங்களில் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தப் பாய்ந்து (பிளிட்ஸ்) வருபவனைத் தடுக்கவும், ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை உதைக்கும் கிக்காஃப் அணியில் ஓடவும் முன்வரட்டும். பந்து கையில் இல்லாமலே கோச் நம்பிக்கையைச் சம்பாதிக்கும் வழி அது. படிப்பைத் தளரவிடாதீர்கள்: டிவிஷன் ஒன்று (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) கல்லூரிக்கு 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் 2.3 ஜிபிஏ-வும் (நாலுக்கு எடுக்கும் சராசரி மதிப்பெண்) வேண்டும். டிவிஷன் மூன்றில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அங்கிருந்து அழைப்பு வந்தால் மதிப்பெண்ணுக்கான உதவித்தொகையைக் கேளுங்கள்.

கோச்சிடம் நீங்கள் போய்ப் பேச வேண்டாம். “எந்தப் பயிற்சியில் தேறினால் திரும்ப ஓடவிடுவீர்கள்?” என்று அவனே கேட்கட்டும்.