சம்பளமில்லாத குழுவில் சேர்ந்தால் நமக்கு என்ன கிடைக்கும்? – கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் (வலி தணிக்கும் பராமரிப்பு) சொசைட்டி ஒன்றில் நான் பொருளாளர். இப்படிப்பட்ட நிர்வாகக் குழுக்களில் சேர யோசிப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

பைசா வராது. அப்புறம் எதற்கு நேரம் கொடுக்க வேண்டும்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், சித்தூர்)

பைசா வராது என்பது உண்மைதான் சார். சொசைட்டியின் வரவை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் வகுப்பறையில் இத்தனை வருடம் நீங்கள் சொன்னதுதான் முடிவு. இங்கே லாரி டிரைவர், பழைய நர்ஸ், தென்னந்தோப்புக்காரர் என்று எல்லாருக்கும் ஒரே ஓட்டு. உங்கள் யோசனை சில நாள் தோற்கும். தோற்கடித்தவரோடு மறுநாள் ஒரே ஜீப்பில் நோயாளி வீட்டுக்குப் போவீர்கள். ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த நல்ல நண்பர்கள் எல்லாரும் அப்படி வந்தவர்கள்தான்.

பி.காம் முடித்திருக்கிறேன். வேலைக்கு உதவுமா அக்கா? (வேலந்தாவளம்)

நன்றாகவே உதவும்மா. கல்லூரியில் இல்லாத கம்பெனிக்குக் கணக்குப் போட்டிருப்பாய். இங்கே ஒவ்வொரு வவுச்சருக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. மருந்துக்கென்று ஒருவர் கொடுத்த பணத்தை வண்டி டீசலுக்கு எடுக்கக் கூடாது. கையில் ஒரே ஒரு காற்று மெத்தை, கேட்பது இரண்டு வீடு. யாருக்கு என்று முடிவெடுத்து, காரணத்தை மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும். வருடக் கடைசியில் ஆடிட்டர் கேட்பதற்கு நீயே பதில் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதில் இந்தப் பொறுப்பை எந்த ஆபீஸும் உன்னிடம் தராது.

மலையாளம் பேசுவேன், படிக்கத் தெரியாது. சேரலாமா? (மளிகைக் கடைக்காரர், கோவிந்தாபுரம்)

தாராளமாகச் சேருங்கள் அண்ணா. தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இங்குள்ள தமிழ் வீடுகளில் வலி வந்தால் தமிழில்தான் சொல்வார்கள். நர்ஸ் மாவட்டத்தின் இன்னொரு மூலையிலிருந்து வந்தவராக இருக்கலாம். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருப்பது பெரிய உதவி. கூட்டத்துக்குக் கூட்டம், வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தையும் பார்த்து வந்தால், எழுத்தும் மெல்லப் பிடிபடும்.

எங்கள் சொசைட்டி பதிவானது 1860ஆம் வருடத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில். உங்களுடையது வேறு என்கிறார்களே? (பாலக்காடு)

ஆமாம், பாலக்காடு பழைய மலபார், சென்னை மாகாணத்தில் இருந்தது, அதனால் உங்களுக்கு 1860 சட்டம். சித்தூர் தாலுகாவில் எங்கள் பகுதி பழைய கொச்சி ராஜ்யம், அதனால் எங்களுக்கு 1955ஆம் வருடத்துத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். இங்கேயே பிறந்து வளர்ந்த நான், குழுவுக்கு வந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன். சொந்த ஊரைப் பற்றி இப்படித் தெரிந்துகொள்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சாவைப் பார்த்துப் பார்த்து மனசு தாங்குமா? (குடும்பத் தலைவி, முதலமடை)

முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். மறைக்க மாட்டேன். ஆனால் தனியாகச் சுமக்க மாட்டீர்கள். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இந்த வேலை கேரளம் முழுக்கப் பரவியதில் அக்கம்பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2008இல் அரசே இதற்கென்று கொள்கை கொண்டுவந்தது. குழுவில் எல்லாரும் இதையே பார்ப்பவர்கள், அதனால் மனசுவிட்டுப் பேசலாம். என் அம்மா படுத்த படுக்கையானபோது எனக்குக் கை நடுங்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்து, புண் வராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்திருந்தது. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. எனக்குக் கிடைத்ததிலேயே பெரியது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பெயர் மட்டும் கொடுங்கள், கூட்டத்துக்கு வர வேண்டாம் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா? (மீனாட்சிபுரம்)

வேண்டாம். லெட்டர்பேடில் பெயர் இருந்தால் பொறுப்பு மட்டும் உங்கள் தலையில் விழும், நான் மேலே சொன்ன எதுவும் கிடைக்காது. எந்தக் குழுவில் சேர்வதானாலும் போன வருடத்துத் தணிக்கைக் கணக்கையும் மினிட்ஸ் புத்தகத்தையும் முதலில் கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள், காட்டுகிறோம்.