‘கைதாகியிருக்கிறீர்களா?’ என்று பாரம் கேட்டால்
வாசகர் கேள்வி-பதில்

அரசு வேலை, அதிலும் ரகசியக் கோப்பு புழங்கும் பிரிவு, அதற்கு வரும் போலீஸ் விசாரணை. இதைப் பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் நிறைய. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமான தளம், மண்டபத்தில் கடலோரக் காவல் படை என்று இருக்கிற நம் ராமநாதபுரம் கரையில் இது ஆச்சரியமும் இல்லை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போடுகிறேன்.

டிப்ளமோ படித்தபோது லீவில் ஒரு சம்மாட்டியின் (படகு முதலாளி) விசைப்படகில் கூலிக்குத் தொழிலுக்குப் போனேன். நெடுந்தீவு பக்கம் இலங்கை நேவி பிடித்து, ஊர்காவற்றுறை கோர்ட்டில் நிறுத்தி, யாழ்ப்பாணம் ஜெயிலில் வைத்து, ஒத்திவைத்த தண்டனை கொடுத்து அனுப்பினார்கள். இப்போது பாதுகாப்புத் துறை ஆபீஸ் ஒன்றில் கிளார்க் வேலை, ரகசியப் பிரிவு. ‘எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா’ என்று, பின்னணி சரிபார்க்கக் கொடுக்கும் அட்டெஸ்டேஷன் பாரம் கேட்கிறது. வேறு நாட்டு வழக்குதானே, ‘இல்லை’ என்று போடு என்கிறார் மாமா.
(தங்கச்சிமடம்)

மாமா சொல்வதைக் கேட்காதீர்கள், தம்பி. ‘ஆம்’ என்று எழுதுங்கள். அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள், ‘இந்தியாவில்’ என்ற வார்த்தை அதில் இருக்காது. கைது, காவலில் வைப்பு, வழக்கு, அபராதம், தண்டனை என்று தனித்தனியாகக் கேட்டிருப்பார்கள். ஒத்திவைத்த தண்டனை என்பது ஜெயிலுக்குள் போக வேண்டாம் என்று விட்டதே தவிர குற்றமில்லை என்று விட்டதல்ல, அதனால் தண்டனை பற்றிய கேள்விக்கும் உங்கள் பதில் ‘ஆம்’தான். இதில்தான் நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிறார்கள், கைதை எழுதிவிட்டுத் தண்டனைக்கு ‘இல்லை’ போட்டு வைப்பார்கள்.

மறைத்தாலும் மறையாது என்பது வேறு விஷயம். நீங்கள் திரும்பி வந்தபோது சென்னை விமான நிலையத்தில் மீன்வளத் துறை ஆட்கள் வந்து கூட்டிப்போயிருப்பார்கள், ஊர் பெயர் வயது எல்லாம் பட்டியலில் ஏறியிருக்கும், பேப்பரிலும் வந்திருக்கலாம். உங்கள் பாரம் கலெக்டர் ஆபீஸ் வழியாக எஸ்.பி. ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து ஸ்டேஷனுக்கு வரும். நம் கரையில் க்யூ பிராஞ்சுக்கு (தமிழ்நாடு போலீசின் உளவுப் பிரிவு) தெரியாமல் ஒரு படகு பிடிபட்டதுண்டா?

2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்த விஷயத்தை ஓரளவு தெளிவாக்கியது. பாரத்தில் தருகிற தகவல் உண்மையாக இருக்க வேண்டும். இளம் வயதில் கோஷம் போட்ட மாதிரி சின்ன விஷயத்தை ஒருவர் மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் தன் விருப்பப்படி அதைப் பெரிதுபடுத்தாமல் விடலாம். பெரிய வழக்கை மறைத்திருந்தால் வேலையை ரத்து செய்யலாம். எந்த வேலை என்பதையும் பார்ப்பார்கள். சாதாரண குமாஸ்தாவுக்கு மன்னிக்கக் கூடியதை ரகசியக் கோப்பு தொடுகிறவருக்கு மன்னிக்க மாட்டார்கள். அதே தீர்ப்பில் கசப்பான வரி ஒன்றும் உண்டு: உண்மையைச் சொல்லியிருந்தாலும் முன்வரலாற்றைப் பரிசீலிக்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு இருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. அதனால் வேலை உறுதி என்று நான் சொல்ல வரவில்லை. மீன் பிடிக்கப் போய் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவனுக்கும் கடத்தலில் பிடிபட்டவனுக்கும் வித்தியாசம் தெரிந்த அதிகாரி இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். மறைத்துவிட்டால் அந்த அதிகாரியும் உங்களுக்காகப் பேச முடியாது.

பாரத்தோடு தனித் தாளில் தேதி, கோர்ட், என்ன வழக்கு, எப்படி முடிந்தது என்று நாலு வரி எழுதி வையுங்கள், கதை வேண்டாம். கோர்ட் காகிதம் ஏதாவது இருந்தால் நகல் வையுங்கள். யாழ்ப்பாணப் பக்கம் கோர்ட் தமிழில் நடப்பதால் காகிதம் தமிழில் இருக்கும், உங்கள் ஆபீஸ் டெல்லிக்கு அனுப்பும் ஆபீஸ் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுங்கள்.

எங்கள் வழக்கு போலீஸ் போட்டதில்லை, கடல் அட்டை விஷயத்தில் வனத்துறை போட்டது. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். கிடையாது. எழுத வேண்டுமா?
(வாலிநோக்கம்)

எழுத வேண்டும். ‘கோர்ட்டில் வழக்கு நிலுவையில் உள்ளதா’ என்றுதான் கேட்கிறார்கள், யார் போட்ட வழக்கு என்று கேட்கவில்லை. கடல் அட்டை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலில் இருக்கிறது, அதைச் சின்ன வழக்கு என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். வக்கீலைப் பார்த்து வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அப்புறம் பேனாவை எடுங்கள்.

2020 ஊரடங்கில் பைக்கில் போனதற்கு வழக்குப் போட்டார்கள். இதுவும் குற்றப் பின்னணியா?
(மண்டபம்)

அந்த மாதிரி வழக்குகள் சுமார் பத்து லட்சத்தை வாபஸ் வாங்குவதாக 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் அறிவித்தார், வன்முறை மாதிரியானவை நீங்கலாக. அறிவிப்பு வந்துவிட்டது என்று சும்மா இருந்துவிடாமல், உங்கள் வழக்கு உண்மையில் முடிக்கப்பட்டதா என்று ஸ்டேஷனில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பாரத்தில் கேட்டால் ‘ஊரடங்கு வழக்கு, முடிக்கப்பட்டது’ என்று எழுதலாம். இதற்காக வேலையை மறுக்கிற அதிகாரி இருந்தால் வழக்குப் போட வேண்டியது அவர் மேல்தான்.

உடன் பிறந்த காக்கா (அண்ணன்) மேல் கஞ்சா வழக்கு இருக்கிறது. எனக்குக் கலெக்டர் ஆபீசில் ரகசியப் பிரிவு கிடைக்காமல் போகுமா?
(கீழக்கரை)

பாரம் கேட்பது உங்கள் வழக்குகளைத்தான் சகோதரி, காக்காவுடையதை நீங்கள் எழுத வேண்டியதில்லை. ஆனால் விசாரிக்க வருகிறவர் தெருவில் கேட்கத்தான் செய்வார். அவர் கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். அண்ணன் செய்ததற்குத் தங்கையின் வேலையைப் பறிப்பது நியாயமில்லை என்பது என் கருத்து, உளவுத் துறை மாதிரி இடங்களில் மட்டும் விசாரணை குடும்பம் வரைக்கும் நீளும்.

அடிதடி வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்ததால் விடுதலை ஆனேன். போலீஸ் வேலைக்குப் போகலாமா?
(தொண்டி)

சிரமம். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒன்று இருக்கிறது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும், புகார் கொடுத்தவர் பிறழ்ந்து விடுதலையானவரையும் அது வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுகிறது. மற்ற துறைகளுக்கு முயலுங்கள், ஆனால் பாரத்தில் வெறுமனே ‘விடுதலை’ என்று எழுதாமல் எப்படி விடுதலை என்பதையும் எழுதுங்கள்.

ரகசியம் விற்று மாட்டுகிறவன் எல்லாம் இந்த விசாரணையைத் தாண்டி வந்தவன்தானே? அப்புறம் மீனவன் பிள்ளையை மட்டும் ஏன் குடைகிறார்கள்?
(உச்சிப்புளி)

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2019 டிசம்பரில் பாகிஸ்தானுக்குத் தகவல் கொடுத்ததாகக் கைதான கடற்படை ஆட்கள் ஏழு பேரும் சரி, 2023 மே மாதம் கைதான டிஆர்டிஓ (பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) மூத்த விஞ்ஞானியும் சரி, சேரும்போது பின்னணி சுத்தமாக இருந்தவர்கள்தான். பழைய எஃப்.ஐ.ஆரைத் தேடுகிற விசாரணை நேற்றுவரை நடந்ததைத்தான் காட்டும், நாளைக்கு எந்தப் பெண் பெயரில் ஃபேஸ்புக்கில் நட்பு கேட்டு வருவார்கள் என்று காட்டாது. அதற்காக விசாரணையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சேரும்போது ஒரு தடவை பார்த்துவிட்டு முப்பது வருஷம் விட்டுவிடக் கூடாது என்பேன். அதே கோப்பை நகலெடுக்கிற ஒப்பந்தப் பணியாளரையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும், நிரந்தர ஊழியரைக் குடைந்துவிட்டு ஒப்பந்தக்காரர் அனுப்பிய பையனிடம் கம்ப்யூட்டரைத் திறந்து கொடுப்பதில் என்ன பாதுகாப்பு?

வேலையில் சேர்ந்துவிட்டவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாரம் கொடுத்த பிறகு கைதானாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதே பாரத்தில் இருக்கிறது, தெரிவிக்காவிட்டால் மறைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். பணியில் இருப்பவர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தனி உத்தரவுக்குக் காத்திராமலே தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகக் கணக்கு, மத்திய அரசு ஊழியருக்கும் மாநில அரசு ஊழியருக்கும் விதி இதுதான்.